இடது பக்கம் லேட்டாக வருகிறது

கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் கேபிள் கட்டுவது எப்படி, ப்ராசஸர் மேல் பேஸ்ட் தடவுவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் வீடியோவில் இருக்கிறது. என்னைவிட அழகான விரல்கள் உள்ளவர்கள் செய்து காட்டுகிறார்கள். கஸ்டமரும் அதே வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் நம் கடைக்கு வருகிறார். எந்த ப்ராசஸருக்கு எந்த மதர்போர்டு பொருந்தும், எந்த கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு வாட்ஸ் பவர் சப்ளை வேண்டும் என்று அவரே ஒப்பிப்பார். நாம் தலையாட்டினால் போதும்.

அப்படியென்றால் நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேட்டால் நல்லது. நான் அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருபது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கேட்க வைத்தவர் ஒரு லாரி டிரைவர்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில் நம் கடைக்குள் நுழைகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் என்னைப் பார்த்ததும் கேட்பது, "டெக்னீஷியன் இல்லீங்களா?" என்பதுதான். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாலும் கேட்பார்கள். நான் பில் போடுகிற அம்மா என்று நினைத்துக்கொள்வார்கள். "நான்தான் சார்" என்றால், "இல்லைங்க, ஹார்டுவேர் பார்க்கிறவர்" என்று இன்னும் தெளிவாகக் கேட்பார்கள். ஆளைப் பார்த்து முடிவு கட்டுகிறவர்கள் மேல் எனக்கு இருந்த இளக்காரத்துக்கு அளவே கிடையாது. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவர் பேர் ஏகாம்பரம். சென்னீர்குப்பம். அறுபதைத் தொட்டவர், ஆனால் உடம்பு தேக்குக்கட்டை மாதிரி. ஒரு வெயில் நேரத்தில் வந்து ஏ.சி. பக்கம் நிற்காமல் நேராகக் கவுண்டருக்கு வந்தார். டெக்னீஷியன் எங்கே என்று கேட்கவில்லை. "கேம் ஆட்ற கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும்மா" என்றார்.

நான் சிரித்த முகமாக, "பையன் என்ன கேம் ஆடுறான்?" என்று கேட்டேன்.

அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு, "லாரி ஓட்ற கேமு" என்றார்.

என் கேள்வியில் இருந்த பையன் அங்கேயே பிறந்து, வளர்ந்து, எனக்கு முன்னால் ஸ்கூல் பையோடு நின்றுவிட்டான். அவனுக்காகத்தான் நான் அந்த மெஷினைத் தேர்வு செய்தேன். நடுத்தரமான ப்ராசஸர். லாரி ஓட்டுகிற விளையாட்டில் துப்பாக்கிச் சண்டையா நடக்கப்போகிறது என்று ஒரு சுமாரான கார்டு. சின்ன வயசுக் கண்ணாயிற்றே என்று சின்ன மானிட்டர். அவரே கேட்டதால் ஸ்டியரிங், பெடல் செட். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தூரத்தில் வருகிற வண்டி கரெக்டான நேரத்துக்குத் தெரியுமா என்று. தாராளமாகத் தெரியும் அண்ணே, விளையாட்டுதானே என்றேன். அதற்கும் அவர் என்னைப் பார்த்தார். எத்தனை தடவை பார்த்தார் என்று இப்போது எண்ணிச் சொல்கிறேன். அப்போது ஒன்றுமே தெரியவில்லை.

பத்து நாளில் திரும்பி வந்தார். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"லெப்ட்ல வர்ற வண்டி லேட்டா வர்துமா. ஒண்ணுமே இருக்காது, திடீர்னு பக்கத்துல நிக்கிறான்."

இந்தத் தொழிலில் இப்படி ஒரு புகாரைக் கேட்டால் நமக்கு நெஞ்சு குளிரும். ஏனென்றால் பதில் கையில் இருக்கிறது. மெஷினுக்கு வலு போதவில்லையென்றால் தூரத்து மரமும் வண்டியும் தாமதமாகத்தான் திரையில் முளைக்கும். நான் ஓட்டிப் பார்க்கவில்லை. ரேமைக் கூட்டினேன், டிஸ்கை வேகமானதாக மாற்றினேன். அவர் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் மறுபடி வந்தார், அதே புகார். அப்படியானால் கார்டுதான் என்று கார்டை மாற்றிக் கொடுத்தேன். இரண்டு தடவையும் முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். பேரம் பேசாத, வீடியோ பார்த்துவிட்டு வராத, சொன்னதைக் கேட்கிற கஸ்டமர். அப்படிப்பட்டவரைக் கண்டால் நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் நம்மை நம்புகிறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மூன்றாம் தடவை அவர் கேபினெட் இல்லாமல் வந்தார். கண்ணாடி அலமாரியில் இருந்த பெரிய கார்டைக் காட்டி, அதைப் போட்டுக் கொடு என்றார்.

அந்தக் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டுப் பின்வாங்கியதால் மூன்று மாதமாகக் கடையில் உட்கார்ந்திருந்தது. மூன்று ஃபேன், செங்கல் அளவு. முதலாளி காலையில் சாமி படத்துக்குக் காட்டின கற்பூரத்தை அடுத்து அதற்குத்தான் காட்டுவார். அதை எடுங்கள் என்று ஏகாம்பரம் சொன்னதும் முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

எனக்கு அப்போதுதான் லேசாக உறுத்தியது. லாரி விளையாட்டுக்கு அந்தக் கார்டு, தெருவில் தண்ணீர் தெளிக்கத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்ட மாதிரி. ஏற்கெனவே போட்டதே அதிகம். வீட்டுக்கு வந்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அண்ணே என்றேன். முதலாளி என்னை முறைத்தார். கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கக்கா, அங்கேயே மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்றார். அந்தச் செங்கலை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

ஹைவேயிலிருந்து இரண்டு தெரு உள்ளே வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி கன்னியம்மா. நான் கடையிலிருந்து வருகிறேன் என்றதும், "வாங்க, லாரி ஹால்லதான் நிக்குது" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

உண்மையாகவே லாரி சீட். எங்கிருந்தோ கழற்றிக்கொண்டு வந்து இரும்பு ஃபிரேமில் வெல்டு வைத்து நிறுத்தியிருந்தார். முன்னால் என் சின்ன மானிட்டர். அதன் ஓரத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கியது. ஏகாம்பரம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பையன் யாரும் இல்லை. அந்த வீட்டில் பையனே இல்லை. இரண்டு பெண்கள், கட்டிக்கொடுத்தாயிற்று.

"முப்பது வருஷம் லாரி ஓட்டினு ஊட்டுக்கு வராம இருந்தாரு. இப்ப ஊட்டுக்குள்ளயே ஓட்டினு கீறாரு" என்றார் கன்னியம்மா. "கூப்ட்டா இப்பவும் வர்றதில்ல."

நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் ஓட்டுவதைப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது. அவ்வளவு நீள டிரெய்லரை ஒரு சந்துக்குள் ரிவர்ஸில் செருகினார், நூல் பிசகவில்லை. கியர் மாற்றும்போது தோளே அசையவில்லை. பிறகு பெரிய ரோட்டுக்கு வந்தார். இடது பக்கம் ஒரு கிளை ரோட்டிலிருந்து வெள்ளை வேன் ஒன்று வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது. மரங்களுக்கு நடுவே அது வருவதை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பிரேக்கைத் தொடவில்லை. நேராக மோதினார்.

"பாத்தியா? எங்கேர்ந்து வந்தான்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. மெஷினைச் சோதித்தேன். எல்லா எண்ணும் சரியாக இருந்தது. அந்த லாரியை நானும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். இரண்டு மரம், ஒரு டீக்கடை, ஒரு போலீஸ் பூத் என்று பலவற்றின் மேல் ஏற்றினேன். ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

கன்னியம்மா ஆளுக்கு ஒரு தட்டில் வடை கொண்டுவந்து வைத்தார். ஏகாம்பரத்தின் தட்டில் நாலு வடை. வலது பக்கம் இருந்த இரண்டை எடுத்துத் தின்றார். விரலைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டே வடதான் சுட்டியா?" என்று கேட்டார்.

அந்தம்மா குனிந்து தட்டை அரை வட்டம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அவர் மிச்ச இரண்டையும் தின்றார். அந்தக் கை தட்டைத் திருப்பிய பழக்கத்தைப் பார்த்தால் பல மாதமாக நடக்கிற காரியம் என்று தெரிந்தது.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய் கன்னியம்மாவிடம் விசாரித்தேன். போன வருஷம் ஒரு காலையில் ஏகாம்பரம் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் மூளையில் சின்னதாக அடைப்பு என்றார்கள். கை கால் எல்லாம் அப்படியே இருந்தது. இடது பக்கப் பார்வை மட்டும் போயிருக்கிறது, லாரி ஓட்டக்கூடாது என்றார்கள். கன்னியம்மா சொன்னார், "வண்டிய உடுன்னாரு டாக்டரு. இவரு டாக்டர உட்டுட்டாரு."

டாக்டரையே விட்டுவிட்ட மனிதருக்கு நான் கார்டை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹாலுக்கு வந்தேன். அவர் சீட்டில் உட்கார்ந்தபடியே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்ட விதத்தில், இந்த மூன்று வாரமாக என்னிடம் கேட்க நினைத்தது இதுதான் என்று புரிந்தது.

"மெஷின் லேட்டா, நான் லேட்டா? அத்த மட்டும் சொல்லுமா. திங்கக்கெழமலேர்ந்து டிரெய்லர் ஓட்ட கூப்ட்டுகீறாங்க."

அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் கண்டெய்னர் யார்டு வைத்திருக்கிறார், டிரைவர் கிடைக்காமல் தவிக்கிறார், லைசென்ஸ், டாக்டர் பேப்பர் எல்லாம் பார்க்கமாட்டார். ஓட்ட முடியுமா என்று தனக்கே தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கம்ப்யூட்டர். அவர் இதைச் சொல்லி முடிக்கும்போது என் போன் அடித்தது. முதலாளி. கார்டு மாட்டியாச்சா என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். என்ன பார்வை, மாட்டுங்க என்று வைத்துவிட்டார்.

உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. அந்த நேரத்தில் எனக்கு மூன்று வழி தெரிந்தது, மூன்றுமே எனக்குப் பிடித்திருந்தது. ஒன்று, கார்டை மாட்டிவிட்டுக் கிளம்புவது. அவரே கேட்ட பொருள், அவருக்கும் சந்தோஷம், கடைக்கும் சந்தோஷம். இரண்டு, இந்த கேமே இப்படித்தான் அண்ணே என்று கேம் மேல் பழியைப் போடுவது. மூன்று, எனக்கு ஹார்டுவேர்தான் தெரியும், கண்ணைப் பற்றி நான் எப்படிச் சொல்வது என்று அடக்கமாக இருப்பது. மூன்றாவதுதான் ரொம்ப மரியாதையான வழியாகத் தோன்றியது. நம் தொழிலில் பொறுப்பைக் கைகழுவுகிறவர்கள் எல்லாரும் அடக்கமானவர்கள்தான்.

கன்னியம்மா வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியின் பதிலுக்கு அவரும் மூன்று வாரமாகக் காத்திருந்திருப்பார்.

ஆடினதையெல்லாம் படமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி மெஷினில் ஏற்கெனவே இருந்த கார்டிலேயே உண்டு. சற்று முன் மோதியதை எடுத்து வைத்தேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். மானிட்டரின் இடது ஓரத்தில் விரலை வைத்து, ரோட்டைப் பார்க்காதீர்கள், என் விரலை மட்டும் பாருங்கள் என்றேன். படத்தை ஓட்டினேன்.

விரலுக்குப் பக்கத்தில் கிளை ரோட்டில் வெள்ளை வேன் வந்தது. மரங்களுக்கு நடுவே வந்தது. ரொம்ப நேரம் வந்தது. மோதியது.

"இன்னொரு தபா போடு."

போட்டேன். மறுபடி கேட்டார், மறுபடி போட்டேன். மூன்றாம் தடவை முடிந்ததும் அவர் சீட்டில் சாய்ந்துகொண்டார்.

"வந்துகினு தான் கீறான்" என்றார். "பாவம், மொதல்லேர்ந்து வந்துகினு தான் கீறான்."

மெஷின் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது அண்ணே, நான் மாற்றினதெல்லாம் தேவையே இல்லை என்றேன். அது எனக்குச் சுலபமாக வரவில்லை. அவர் அதைக் காதில் வாங்கினாரா என்றும் தெரியவில்லை. மனைவி பக்கம் திரும்பாமலே பேசினார். வியாழக்கிழமை யார்டுக்குப் போயிருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை. ஒரு டிரெய்லரை எடுத்து உள்ளுக்குள்ளேயே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்திருக்கிறார். லோடுக்குக் கயிறு கட்டுகிற ஆள் ஒருவன் இடது பக்கத்திலிருந்து துள்ளி விழுந்து தப்பித்திருக்கிறான்.

"எறங்கி அவன நாக்க புடுங்கிக்கிற மாறி திட்டினேன். குறுக்க வரியேடான்னு. எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க. அவன் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனான்."

கன்னியம்மா உள்ளே போய் அவருடைய போனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அவர் யார்டுக்காரருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வரவில்லை என்றார். காரணம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. "கண்ணு" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

நான் கிளம்பும்போது என்மேல் அவருக்குக் கோபம்தான். அந்தப் பெரிய கார்டை மாட்டிவிட்டுப் போயிருக்கக்கூடாதா என்றார். நன்றி சொல்வார் என்று நினைத்திருந்தால் நான் ஏமாந்திருப்பேன். நினைத்திருந்தேன், ஏமாந்தேன்.

கடையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கார்டோடு திரும்பி வந்ததற்கும், முன்னால் மாற்றின பொருள்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கும் முதலாளி ஒரு மாதம் என்னிடம் பாதி முகத்தைத்தான் காட்டினார். பிறகு இந்தக் கதையை யாரோ ஒரு கஸ்டமரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்தக் கஸ்டமர் நெகிழ்ந்துபோய் அந்தப் பெரிய கார்டை வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டில் ஆடுவது சீட்டுக்கட்டு கேம். உங்கள் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறதே, 'தேவையில்லாததை விற்கமாட்டோம்' என்று ஒரு போர்டு, அது அப்போது வந்ததுதான். அது வந்த பிறகு தேவையில்லாததை விற்பது ரொம்ப சுலபமாகிவிட்டது.

ஆர்டர் ஃபாரத்தில் 'ஆடப்போவது யார்' என்று ஒரு வரி இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது நான் சேர்த்தது. பெரும்பாலானவர்கள் அதைக் காலியாக விட்டுவிட்டுக் கேபினெட்டுக்கு என்ன கலர் லைட் என்பதில் மூன்று வரி எழுதுவார்கள். நீங்கள் விடாமல் வாயால் கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிக்கொண்டு கேட்காதீர்கள்.

நாலைந்து மாதம் கழித்து ஏகாம்பரம் ஒரு ஹெட்போன் வாங்க வந்தார். கோபம் போயிருந்தது, அல்லது வேறு எங்கோ செலவாகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு மறுபடி போகிறாராம். அதே யார்டில் டயர் ஸ்டாக் பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இன்னும் லாரி ஓட்டுகிறார். விளையாட்டில் லாரியின் இடது பக்கத்து ரியர்வியூ கண்ணாடியைத் திரையின் வலது ஓரத்துக்கு நகர்த்தி வைத்துக்கொள்ள முடியும் என்று தானே கண்டுபிடித்திருந்தார். ரோட்டில் அப்படி யாரும் வைத்துத் தரமாட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கயிறு கட்டுகிற ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே தேடிப் போயிருக்கிறார். அன்றைக்குத் தப்பு என்மேல்தான், எனக்கு அந்தப் பக்கம் கண் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆள் பயந்துபோய், இல்லண்ணாத்தே, நான்தான் பார்க்காமல் வந்தேன், மன்னிச்சிக்க என்றிருக்கிறான். இவர் மறுபடி சொல்லியிருக்கிறார். அவன் மறுபடி கும்பிட்டிருக்கிறான். மூன்றாம் தடவை சொன்னதும் வேலை இருக்கிறது என்று போய்விட்டானாம்.

"ஒத்துக்கவே மாட்றாம்மா" என்றார். ஹெட்போன் டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "ஆனா அதுலேர்ந்து ஒண்ணு பாக்குறேன். எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாலும் சுத்திகினு வந்து, வலது பக்கமா நின்னுதான் எனக்கு வணக்கம் வைக்கிறான்."